நைரோபியில் சோப்பு விற்க: சூப்பர் மார்க்கெட்டா, டூக்கா எனும் சிறுகடையா?

வணிகக் கல்லூரியில் லாபக் கணக்கு சொல்லித் தருவார்கள். சிறு தயாரிப்பாளரைக் கவிழ்ப்பதோ கைக்காசுத் தட்டுப்பாடு. சூப்பர் மார்க்கெட் ஆர்டர் பெரிது, ஆனால் பணம் வர இரண்டு மூன்று மாதம்கூட ஆகும். வாட் வரி அதுவரை காத்திருக்காது. மார்ச்சில் 1,00,000 ஷில்லிங்குக்குப் பில் போட்டால் வரி 16,000; கொள்முதலில் கட்டியதைக் கழித்துக்கொண்டு மீதியை ஏப்ரல் 20-க்குள் கட்டியாக வேண்டும். நகுமட் சூப்பர் மார்க்கெட் சங்கிலி நொடித்து 2018-இல் நீதிமன்றம் நியமித்த நிர்வாகியின் கைக்குப் போனபோது சப்ளையர்களின் பாக்கி முடங்கியது. பாவம், சிறியவர்களுக்குத்தான் அடி பலம்.

தெருமுனை டூக்கா பத்துக் கட்டிதான் எடுக்கும். சரக்கை இறக்கும்போதே எம்-பேசா என்ற கைபேசிப் பணச் சேவையில் பணத்தைக் கேட்டு வாங்கிவிடலாம். அலைச்சல் அதிகம்; அடுத்தடுத்த கடைகளாகப் பிடித்தால் போடா-போடா (வாடகை மோட்டார் சைக்கிள்) கூலி கட்டுப்படும்.

முதல் வருடம் டூக்காவே மேல். சூப்பர் மார்க்கெட்டுக்குப் போவதானால் மூன்று மாத மூலப்பொருள் செலவைக் கையில் வைத்துக்கொண்டு ஒரே கிளையில் தொடங்குங்கள்.