கெர்னல் கற்க எதை எடுப்பது: பழைய புத்தகமா, எக்ஸ்வி6-ஆ, நேராக மூலநிரலா?

லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கெர்னலுக்குள் நுழைய நினைப்பவருக்குப் படிக்கப் பொருள் இல்லாமல் இல்லை. பெரும்பாலானவை இலவசமாகவே கிடைக்கின்றன. சிக்கல் என்னவென்றால், ஒவ்வொன்றும் ஒரு வகைக் கேள்விக்குத்தான் பதில் சொல்கிறது. அது எந்தக் கேள்வி என்பதை யாரும் அட்டையில் எழுதி வைப்பதில்லை. போதாக்குறைக்கு, கெர்னல் ஒன்பது பத்து வாரத்துக்கு ஒரு புது வெளியீடு காண்கிறது. உள்ளே இருக்கும் ஃபங்ஷன்கள் நாளைக்கும் இதே வடிவில் இருக்கும் என்று யாரும் உறுதி தருவதில்லை. ஆகவே எந்தப் பாடப் பொருளைக் கையில் எடுத்தாலும் நான் முதலில் பார்ப்பது, இதில் எது இன்னும் செல்லுபடியாகிறது என்பதைத்தான்.

யாரைக் கேட்டாலும் முதலில் பழைய புத்தகங்களைச் சொல்வார்கள். ‘லினக்ஸ் டிவைஸ் டிரைவர்ஸ்’ மூன்றாம் பதிப்பு 2005-இல் வந்தது, 2.6.10 கெர்னலுக்காக எழுதப்பட்டது. அதில் வரும் ஸ்கல் என்ற மாதிரி டிரைவரை அப்படியே இன்றைய கெர்னலில் பில்ட் செய்தால் பிழைகள் வரிசை கட்டி நிற்கும். ஒரே தரவை இருவர் ஒரே நேரத்தில் மாற்றாமல் தடுக்கும் பூட்டுக்கு அது செமஃபோரைப் பயன்படுத்துகிறது. அந்த வேலைக்கு இன்று வழக்கமாக எடுக்கும் மியூடெக்ஸ் கெர்னலுக்குள் வந்ததே அடுத்த ஆண்டு, 2.6.16-இல்தான். டிவைஸுக்குக் கட்டளை அனுப்பும் ஐஆக்டில் அழைப்புக்காக அது நிரப்பும் இடத்தை 2.6.36-இல் எடுத்துவிட்டார்கள். டைமரைத் தொடங்கும் பழைய முறையும் 4.15-இல் போய்விட்டது. ஆனால் வன்பொருள் குறுக்கிடும்போது ஓடும் இன்டரப்ட் ஹேண்ட்லருக்குள் ஏன் தூங்கக் கூடாது, பயனர் நிரல் தந்த பாயின்டரை ஏன் நேரடியாகத் தொடக் கூடாது, மெமரி கேட்கும்போது காத்திருக்க முடிவதற்கும் முடியாததற்கும் என்ன வேறுபாடு என்பதையெல்லாம் இவ்வளவு பொறுமையாகச் சொல்லும் இன்னொரு புத்தகத்தை நான் பார்க்கவில்லை. விளக்கங்களைப் படியுங்கள், நிரலைத் தட்டச்சு செய்யாதீர்கள். அவ்வளவுதான்.

செயலியை எந்த டாஸ்க்குக்கு எப்போது தருவது என்று முடிவு செய்யும் ஷெட்யூலர் பக்கம் போனால் நிலைமை இன்னும் வேடிக்கை. 2005-இல் வந்த ‘அண்டர்ஸ்டாண்டிங் தி லினக்ஸ் கெர்னல்’ மூன்றாம் பதிப்பு விளக்கும் ஷெட்யூலர், 2007-இல் 2.6.23-ஓடு விடைபெற்றது. அதற்குப் பதிலாக வந்த சிஎஃப்எஸ் என்ற ஷெட்யூலரை விளக்குவது ராபர்ட் லவ் எழுதி 2010-இல் வந்த ‘லினக்ஸ் கெர்னல் டெவலப்மென்ட்’ மூன்றாம் பதிப்பு. 2023-இல் 6.6 வந்தபோது அடுத்து எந்த டாஸ்க்கை ஓடவிடுவது என்று தேர்ந்தெடுக்கும் அந்த முறையும் மாறி, ஈஈவிடிஎஃப் என்ற புது முறை வந்துவிட்டது. இந்த மூன்று புத்தகங்களில் ஒன்றைத்தான் படிக்க நேரம் என்றால் லவ்வின் புத்தகத்தை எடுப்பேன். சிறியது, ஒரே மூச்சில் படிக்கலாம். ‘லினக்ஸ் டிவைஸ் டிரைவர்ஸ்’ புத்தகத்தைப் பக்கத்தில் வைத்துப் புரட்டிப் பார்த்துக்கொண்டால் போதும்.

தட்டச்சு செய்து ஓட்டிப் பார்க்க ‘லினக்ஸ் கெர்னல் மாட்யூல் புரோகிராமிங் கைடு’ இருக்கிறது. இது இன்னும் புதுப்பிக்கப்பட்டு வருகிறது, 5.x, 6.x கெர்னல்களில் ஓடுகிற மாதிரி உதாரணங்களில் பதிப்பு எண்ணைப் பார்த்துக் கிளை பிரியும் வரிகளைச் சேர்த்திருக்கிறார்கள். இரண்டு நாளில் ஒரு கேரக்டர் டிவைஸ் (கோப்பு போலப் பைட் பைட்டாகப் படித்து எழுதும் டிவைஸ்) எழுதிவிடலாம். குறை என்னவென்றால், எல்லாமே கெர்னல் மரத்துக்கு, அதாவது அதிகாரப்பூர்வ மூலநிரல் தொகுப்புக்கு, வெளியே கட்டும் விளையாட்டு மாட்யூல்கள். ஓடுகிறது என்ற மகிழ்ச்சி கிடைக்கும். கெர்னலின் ஒரு பகுதிக்குப் பொறுப்பான மெயின்டெய்னர் ஏற்கிற தரம் எது என்பது தெரியாது.

இதற்கு நேர் எதிர்த் திசையில் நிற்பது எம்ஐடி-யின் எக்ஸ்வி6. யூனிக்ஸ் ஆறாம் பதிப்பைப் பின்பற்றிப் பாடத்துக்கென்றே எழுதிய சின்ன இயங்குதளம். இப்போதைய வடிவம் ரிஸ்க்-ஃபைவ் செயலிக்கானது, கியூஇஎம்யூ என்ற போலிக் கணினி மென்பொருளில் ஓடும். லினக்ஸ் மூலநிரல் 3 கோடி வரிக்கு மேல். எக்ஸ்வி6 கெர்னல் பத்தாயிரம் வரியைக்கூடத் தாண்டாது. பயனர் நிரல் கெர்னலிடம் வேலை கேட்கும் சிஸ்டம் கால் எப்படி நடக்கிறது என்று இதில் கண்ணால் பார்க்கலாம். பயனர் நிரல் ஏ7 ரெஜிஸ்டரில் ஒரு எண்ணை வைத்துவிட்டு கெர்னலுக்குள் விழுகிறது. கெர்னல் அந்த எண்ணை வைத்து ஒரு ஃபங்ஷன் பட்டியலில் தேடி, ஓட்டி, விடையை ஏ0-வில் வைக்கிறது. மொத்தம் 21 கால்தான். ஷெட்யூலர் என்பது 64 இடமுள்ள ஒரு பட்டியலைச் சுற்றிச் சுற்றி வந்து, ஓடத் தயாராக இருப்பதை எடுக்கும் ஒரு லூப். மெமரி ஒதுக்கீடு 4096 பைட் பக்கமாக மட்டுமே. லினக்ஸில் இதே வழியைப் பின்தொடர்ந்தால் மேக்ரோக்களுக்குள் காணாமல் போய்விடுவீர்கள்.

எக்ஸ்வி6 படித்ததை வைத்து லினக்ஸுக்கு ஒரு பேட்ச்கூட (நிரல் திருத்தம்கூட) அனுப்ப முடியாது என்பார்கள். உண்மைதான். ஆனாலும் என் கட்சி எக்ஸ்வி6 பக்கம். புதுப் பிராசஸை உருவாக்கும் ஃபோர்க்கில் காப்பி-ஆன்-ரைட் (எழுதும்போது மட்டும் பக்கத்தை நகலெடுப்பது) சேர்க்கும் பயிற்சியைச் சொந்தமாக முடித்தவர், லினக்ஸின் பேஜ் ஃபால்ட் நிரலைத் திறக்கும்போது எதைத் தேடுகிறோம் என்று தெரிந்தே தேடுவார்.

நேராக மூலநிரலைப் படிப்பது மூன்றாவது வழி. பூட்லின் நடத்தும் எலிக்சர் தளத்தில் ஒரு பெயரைச் சொடுக்கினால் அது எங்கே வரையறுக்கப்பட்டது, எங்கெல்லாம் அழைக்கப்படுகிறது என்று எல்லாப் பதிப்புகளுக்கும் காட்டும். ஆனால் ஏன் என்ற கேள்விக்கு விடை நிரலில் இருக்காது, ஒவ்வொரு மாற்றத்தையும் (கமிட்) காரணத்தோடு பதியும் கிட் வரலாற்றில்தான் இருக்கும். ஓர் உதாரணம்: டிரைவர்கள் அழைக்கும் கிளாஸ்_கிரியேட் ஃபங்ஷனுக்கு 6.4 வரும் வரை இரண்டு ஆர்க்யுமென்ட். அதன்பின் ஒன்றுதான். பழைய டிரைவர்கள் திடீரென்று பில்ட் ஆகாமல் நின்றன. இணையத்தில் தேடினால் ‘முதலாவதை நீக்கிவிடு’ என்ற வைத்தியம் கிடைக்கும். கிட் லாக்கில் அந்த கமிட்டைத் திறந்தால் காரணமே கிடைக்கும்: முதல் ஆர்க்யுமென்டான மாட்யூல் பாயின்டர் உண்மையில் எதையுமே செய்ததில்லை, அதனால் எடுத்துவிட்டு மரத்தில் இருந்த எல்லா அழைப்புகளையும் ஒரே வீச்சில் திருத்தியிருக்கிறார்கள். கெர்னல் எப்படி மாறுகிறது என்பதற்கு இதைவிட நல்ல பாடம் எந்தப் புத்தகத்திலும் இல்லை.

கமிட்டில் சொல்லாத பெரிய பின்னணிக்கு எல்டபிள்யூஎன் என்ற செய்தித் தளம். 1998 முதல் வருகிறது. புதிய கட்டுரைகள் சந்தா கட்டியவருக்கு முதலில், சற்றுப் பொறுத்தால் எல்லோருக்கும். புதிதாக வருபவருக்குப் பழைய கட்டுரைகளே ஏராளம் என்பதால் சந்தாவுக்கு அவசரமில்லை. (கட்ட முடிந்தவர் கட்டலாம், இந்த அளவு ஆழத்தில் எழுதுகிறவர்கள் மிகக் குறைவு.)

லினக்ஸ் ஃபவுண்டேஷனின் இலவசப் பாடமான எல்எஃப்டி103-ஐ மற்றவற்றோடு ஒரே தட்டில் வைக்க முடியாது. கெர்னல் உள்ளே எப்படி இயங்குகிறது என்று அறிய அதை எடுத்தால் ஏமாற்றம்தான். கன்ஃபிக், பில்ட், பேட்ச் தயாரிப்பு, யாருக்கு அனுப்புவது போன்ற நடைமுறைக்காகத்தான் அது. முதல் பேட்ச் அனுப்பப்போகும் வாரத்தில் எடுத்தால் ஒவ்வொரு பக்கமும் பயன்படும். ஆறு மாதம் முன்பே முடித்தால் சான்றிதழ் மட்டும் மிஞ்சும்.

அந்த முதல் பேட்ச் எது என்பதில் பலரோடு நான் உடன்படுவதில்லை. இன்னும் தரம் எட்டாத டிரைவர்கள் இருக்கும் ஸ்டேஜிங் அடைவில், நிரல் நடையைச் சரிபார்க்கும் செக்பேட்ச் ஸ்கிரிப்டை ஓட்டி, இடைவெளியும் வரி நீளமும் திருத்தி அனுப்பச் சொல்வார்கள். ஒன்று அனுப்பலாம், நடைமுறை பழகும். அப்புறம் அங்கேயே நிற்காமல், அதே அடைவில் டிரைவர்களோடு இருக்கும் டூடூ கோப்புகளைத் திறந்து பாருங்கள். அந்த டிரைவர் ஏன் இன்னும் ஸ்டேஜிங்கிலேயே கிடக்கிறது என்று அதில் எழுதியிருக்கும். பெரும்பாலும் அது இடைவெளிப் பிரச்சினையாக இருக்காது.