எர்த் ஹவர்: அந்த ஒரு மணி நேர இருட்டில் எவ்வளவு தேறும்?

மார்ச் மாதக் கடைசி வாக்கில் ஒரு சனிக்கிழமை, இரவு 8.30 முதல் 9.30 வரை எல்லாரும் சேர்ந்து விளக்கணைப்பதுதான் எர்த் ஹவர். 2007 மார்ச் 31 அன்று சிட்னியில் சுமார் 22 லட்சம் பேரோடு தொடங்கியது. அன்று நகர மையத்தின் மின் நுகர்வு 10.2 சதவீதம் இறங்கியது.

குடியிருப்புகளில் இன்று அந்த இறக்கத்தை எதிர்பார்க்க வேண்டாம். எல்லாம் எல்இடி. வீட்டுக்கு எட்டு 9 வாட் பல்பு என்றால் மொத்தமே 72 வாட். நூறு வீடு உள்ள குடியிருப்பு ஒரு மணி நேரம் அணைத்தால் 7.2 யூனிட். ஐந்து ஒன்றரை டன் ஏசி ஓடினால் அதே நேரத்தில் அவ்வளவும் போய்விடும். ஆகவே விளக்கோடு ஏசியையும் நிறுத்தச் சொல்லாத அழைப்பு பாதி அழைப்புதான்.

மெழுகுவர்த்தி ஏற்றுவது பெரிய தவறு. ஒரு வர்த்தி மணிக்கு 6, 7 கிராம் மெழுகை எரித்து 20 கிராம் அளவுக்குக் கார்பன் டை ஆக்ஸைடை விடும். 9 வாட் பல்பு, நிலக்கரி மின்சாரத்திலேயே எரிந்தாலும், ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 9 கிராம்தான். அதன் வெளிச்சமோ பல மடங்கு.

மெயின் சுவிட்சைத் தொடவே கூடாது. ஃப்ரிட்ஜ், லிஃப்ட், பம்ப், கேமரா எல்லாம் நின்றுபோகும். திரும்பப் போடும்போது கம்ப்ரசர்கள் ஒரே நொடியில் கிளம்பி எம்சிபி (அதிக மின்சாரம் பாய்ந்தால் தானே அணையும் சுவிட்ச்) விழும். விளக்கு சுவிட்சை மட்டும் அணையுங்கள். 9.30-க்கு மாடி மாடியாக, இரண்டு நிமிட இடைவெளி விட்டுப் போடுங்கள். 2020 ஏப்ரல் 5 அன்று இந்தியா முழுக்க 9 நிமிடம் விளக்கணைந்தபோது மின் தேவை சுமார் 31,000 மெகாவாட் சரிந்தது. நீர்மின் நிலையங்களை முன்கூட்டியே தயாராக வைத்திருந்ததால்தான் மின்கட்டமைப்பு அதைத் தாங்கியது.

இந்த நிகழ்வின் உண்மையான பயன் மீட்டர் பலகையில் இருக்கிறது. பல மின்னணு மீட்டர்களில் சிவப்புப் புள்ளி ஒரு யூனிட்டுக்கு 3200 முறை சிமிட்டும். அந்த எண் மீட்டரிலேயே அச்சாகியிருக்கும். அது 3200 என்றால், இரண்டு சிமிட்டலுக்கு நடுவே உள்ள விநாடியால் 1125-ஐ வகுத்தால் அப்போது ஓடும் வாட் கிடைக்கும். எல்லாம் அணைத்தபின்னும் 15 விநாடிக்கு ஒரு முறை சிமிட்டினால் 75 வாட் எங்கோ ஓடுகிறது. செட்-டாப் பாக்ஸ், ரௌட்டர், சுவரிலேயே செருகிக் கிடக்கும் அடாப்டர் என ஒவ்வொன்றாகப் பிடுங்கி, சிமிட்டல் எப்போது தளர்கிறது என்று பாருங்கள். 10 வாட் செட்-டாப் பாக்ஸ் ஒன்று நாள் முழுக்க 0.24 யூனிட் எடுக்கும். அந்த வீடு எர்த் ஹவரில் மிச்சம் பிடித்ததைப் போல மூன்று மடங்குக்கும் மேல்!

படிக்கட்டை முழு இருட்டாக்காமல் விளக்குகளை ஒன்றுவிட்டு ஒன்று அணைப்பதே சரி. அதை மறுநாளும் அப்படியே விடலாம். அப்படி அணைப்பது 20 வாட் டியூப் பத்து, இரவுக்கு 12 மணி நேரம் என்றால் 2.4 யூனிட் மிச்சம். நூறு வீடும் சேர்ந்து சேமித்த 7.2 யூனிட் மூன்றே இரவில் கைக்கு வந்துவிடும்.