வீட்டிலிருந்தே வில்லங்கம்: பதிவுத்துறை இணையதளத்தை எவ்வளவு நம்பலாம்?

கடலூரில் மனை பார்ப்பவர்களுக்கு முன்பணத்துக்கு முன்பே பயன்படும் சேவை, தமிழ்நாடு பதிவுத்துறைத் தளத்தின் வில்லங்கத் தேடல். வில்லங்கத்தை, அதாவது அந்த மனை மீது பதிவான விற்பனை, அடமானப் பட்டியலை, திரையில் பார்க்கக் கட்டணமில்லை. சான்றிட்ட நகலுக்குத்தான் கட்ட வேண்டும்.

சார்பதிவாளர் அலுவலகம், கிராமம், சர்வே எண், உட்பிரிவு கொடுத்தால் போதும். பலர் சறுக்குவது உட்பிரிவில்தான். 45/2 பிரிந்து 45/2அ ஆகியிருந்தால், புதிய எண்ணில் பழைய பத்திரங்கள் வராது. தாய் எண்ணையும் (பிரிவதற்கு முந்தைய 45/2) தனியாகத் தேடுங்கள். குறைந்தது முப்பது வருடம் பாருங்கள்.

பட்டியலில் 'அடமானம்' என்ற பதிவு இருந்தால், அதற்குப் பிந்தைய தேதியில் அதே ஆவண எண்ணைக் குறிப்பிடும் 'ரசீது' (கடன் தீர்ந்ததற்கான பதிவு) இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் பதிவேட்டில் கடன் இன்னும் நிலுவைதான். விற்பவர் வாய்மொழியாக "அடைச்சாச்சு" என்பதை ஏற்காதீர்கள்.

பெரிய குறை: பதியாத ஒப்பந்தம், வாரிசுகளின் பங்கு, அனுபவத்தில் வேறொருவர் இருப்பது எதுவும் இதில் தெரியாது. அதற்கு மூலப்பத்திரமும் நேரடி விசாரணையும்தான் வழி. பட்டா, அ-பதிவேடு (கிராம நிலப் பதிவேடு), புலப்படம் (நிலத்தின் அளவு வரைபடம்) மூன்றையும் வருவாய்த்துறைத் தளத்தில் ஒப்பிடுங்கள். பட்டாவில் அளவு பெரும்பாலும் ஹெக்டேர், ஏரில் இருக்கும். 1 ஏர் சுமார் 2.47 சென்ட். 30க்கு 40 அடி மனை சுமார் 2.75 சென்ட்.

பாகூர்ப் பக்கம் மனை என்றால் அது புதுச்சேரி. இந்தத் தளத்தில் கிடைக்காது.

கெடிலம், தென்பெண்ணைக் கரையோர மனைகளுக்கு 2015 மழையில் தண்ணீர் எதுவரை நின்றது என்று பக்கத்து வீட்டில் கேளுங்கள். எந்தச் சான்றிதழும் அதைச் சொல்லாது.