கையில் இருபது நிமிடம்: லிங்க்ட்இன், வாட்ஸ்அப், டெலிகிராம், ஸ்லாக் – எது கைகொடுக்கும்?

குழந்தை தூங்கிய பிறகு கிடைக்கும் இருபது நிமிடம்தான் பலருக்குத் தொழில் வளர்ச்சிக்கென்று மிஞ்சுகிறது. அதுவும் பாதியில் பறிபோகலாம். ஆகவே ஒரு தளத்தில் பார்க்க வேண்டிய முதல் விஷயம்: நடுவில் எழுந்துபோய் மறுநாள் வந்தாலும் விட்ட இடத்தைப் பிடிக்க முடிகிறதா?

இந்தத் தேர்வில் வாட்ஸ்அப் தோற்கிறது. ஒரு குழுவில் 1,024 பேர் வரை சேரலாம், ஆனால் எல்லாரும் ஒரே ஓட்டத்தில் பேசுகிறார்கள். காலையில் கேட்ட கேள்விக்கு வந்த பதில், மாலைக்குள் வாழ்த்துப் படங்களுக்கு அடியில் போய்விடும். உங்கள் எண்ணும் முன்பின் தெரியாதவர்கள் கைக்குப் போகிறது. நேரில் தெரிந்த ஐந்தாறு பேர் கொண்ட குழுவுக்கு மட்டும் இதை வைத்துக்கொள்ளுங்கள். மற்றவற்றை ‘எப்போதும்’ ஒலியடக்கி, காப்பகத்தில் போட்டுவிடலாம்.

டெலிகிராம் ஒரு படி மேல். எண்ணை மறைக்கலாம், நிர்வாகி அனுமதித்திருந்தால், நீங்கள் சேர்வதற்கு முன் நடந்த உரையாடலையும் தேடிப் படிக்கலாம். 2,00,000 பேர் வரை கொள்ளும் என்பதுதான் அதன் பலவீனமும். பெரிய குழுக்களில் போலி வேலை விளம்பரங்கள் குவியும். வேலைக்கு முன்பணம் கேட்டால் யோசிக்கவே வேண்டாம், வெளியேறுங்கள்.

கேள்வி கேட்டுக் கற்றுக்கொள்ள ஸ்லாக், டிஸ்கார்ட் என்ற குழு உரையாடல் செயலிகளில் இயங்கும் சமூகங்களே எங்கள் தேர்வு. ஒவ்வொரு கேள்விக்கும் அதன் பதில்கள் மட்டும் சேரும் தனி இழை இருப்பதால், இரண்டு நாள் கழித்து வந்தாலும் பதில் அங்கேயே காத்திருக்கும். ஸ்லாக்கின் இலவசத் திட்டத்தில் கடைசி 90 நாள் செய்திகள் மட்டுமே தெரியும். பயனுள்ள பதிலை அன்றே உங்கள் குறிப்பேட்டில் எடுத்து வையுங்கள். டிஸ்கார்டில் அந்த வரம்பு இல்லை, ஆனால் அறிவிப்புகள் உயிரை எடுக்கும். சேர்ந்த உடனே ‘என்னைக் குறிப்பிட்டால் மட்டும்’ என்று மாற்றுங்கள்.

நேரம் குறைவாக இருப்பவர், ஒரே பதிலில் முடியும்படி கேள்வியை எழுத வேண்டும். “எக்செல்லில் உதவி வேண்டும்” என்றால், “என்ன உதவி?” என்ற பதில் கேள்விக்கே ஒரு நாள் போய்விடும். “பட்டியலில் பெயரைத் தேட எக்ஸ்லுக்அப் சூத்திரம் போட்டேன், பெயர் பட்டியலில் இருந்தும் ‘கிடைக்கவில்லை’ என்ற பிழை வருகிறது. பெயருக்குப் பின்னால் வெற்றிடம் ஒட்டியிருக்குமோ? எப்படி நீக்குவது?” என்று கேட்டால், வெற்றிடத்தை நீக்கும் ‘ட்ரிம்’ சூத்திரம் ஒரே வரியில் வந்துசேரும்.

லிங்க்ட்இன் கற்றுக்கொள்ளும் இடமல்ல, ஆள் தேடும் இடம். மற்றவர்களின் பதிவுகள் வந்துகொண்டே இருக்கும் ஊட்டத்தை உருட்டத் தொடங்கினால் இருபது நிமிடமும் காலி. வாரம் ஒருமுறை போய் இரண்டு பேருக்குச் செய்தி அனுப்பிவிட்டு வெளியே வந்தால் போதும். குழந்தை வளர்ப்புக்காகவோ பெற்றோரைக் கவனிக்கவோ வேலையை விட்டவர்கள், 2022-இல் வந்த ‘பணி இடைவெளி’ பகுதியில் காரணத்தையும் காலத்தையும் சேர்க்கலாம். அனுபவப் பட்டியலில் விளக்கமில்லாத ஓட்டை இருப்பதைவிட இது நல்லது. திருத்துமுன், மாற்றங்களைத் தொடர்பினருக்கு அறிவிக்கும் பொத்தானை அணைத்துவிடுங்கள். வேலை தேடுவதை ‘ஆள் எடுப்போருக்கு மட்டும்’ காட்டினாலும், இப்போதைய நிறுவனத்துக்குத் தெரியவே தெரியாது என்று அந்தத் தளமே உறுதி தருவதில்லை.

நேரலை வெபினார்கள் (இணையவழிக் கருத்தரங்குகள்) பெரும்பாலும் வீட்டில் வேலை குவியும் மாலையில்தான் நடக்கின்றன. ஒளிப்பதிவு பிறகு கிடைக்குமா என்று முன்பே கேளுங்கள். கிடைக்குமென்றால் கேள்வியை முன்கூட்டியே அனுப்பிவிட்டு, பிறகு ஒன்றரை மடங்கு வேகத்தில் பார்க்கலாம்.