கேமரா வருவதற்கு முன்பும் பின்பும்: மகளிர் தொழில்முனைவோர் சந்திப்பில் மூன்று ஆண்டுகள்

ஈரோட்டில் மசாலாப் பொடி அரைத்து விற்கும் தோழி ஒருவர் சென்ற வாரம் தொலைபேசியில் அழைத்து, "அந்தக் கோயமுத்தூர் மீட்டிங்குக்கு ஃபீஸ் குறைச்சுட்டாங்களாமே, சேரட்டுங்களா அக்கா?" என்று கேட்டார். 12,000 ரூபாயாக இருந்த ஆண்டுச் சந்தா 7,500 ரூபாயாகியிருப்பது உண்மைதான். சேருங்கள் என்றோ வேண்டாம் என்றோ ஒரே சொல்லில் பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அதனால்தான் இதை விரிவாக எழுதுகிறேன்.

மாதத்தின் இரண்டாம் சனிக்கிழமை, அவிநாசி சாலையில் ஓர் ஓட்டல் அரங்கு, மூன்று பெண்கள் ஆளுக்கு ஏழு நிமிடம் தம் வாழ்க்கைக் கதையைச் சொல்வது, பிறகு விசிட்டிங் கார்டுகளுடன் ஓர் அறிமுகச் சுற்று, மதிய உணவு. இந்த ஏற்பாடு தொழில் செய்யும் பெண்கள் பலரும் அறிந்ததுதான். திருப்பூரில் பதினான்கு தையல் இயந்திரங்களுடன், பிற நிறுவனங்களுக்குக் கூலிக்குத் தைத்துக் கொடுக்கும் ஜாப் ஒர்க் யூனிட் நடத்தும் நான் 2022 ஜூன் மாதம் இதில் உறுப்பினரானேன். முதல் ஏழெட்டு மாதங்களில் ஓர் ஆர்டர்கூட வரவில்லை. ஆனாலும் ஒரு சந்திப்பையும் தவறவிட்டதில்லை; காரணம் அந்தக் கதைகள்தான்.

2023 பிப்ரவரியில் பேசிய பொள்ளாச்சி அக்காவை நான் மறக்க முடியாது. தென்னை நாரில் மெத்தைகளும் மிதியடிகளும் செய்பவர். மைக்கின் முன் வந்து நின்றதும் கைப்பையிலிருந்து நான்காக மடித்த ஒரு பில் நகலை எடுத்து விரித்தார். அதில் 3,80,000 என்ற தொகை சிவப்பு மையால் வட்டமிடப்பட்டிருந்தது. சரக்கு அனுப்பிய தேதி, வாங்கியவர் சொன்ன தவணைகள், அந்த மாதம் ஆட்களுக்குக் கூலி கொடுக்க அடகு வைத்த நகையின் எடை, அதற்குக் கட்டிய வட்டி என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்து, குறு, சிறு நிறுவனங்களுக்கு 45 நாட்களுக்குள் பணம் தந்தாக வேண்டும் என்று 2006-ஆம் ஆண்டுச் சட்டம் இருப்பதையும், பாக்கி பற்றிப் புகார் செய்வதற்கான மத்திய அரசின் சமாதான் இணையதளத்தில் தாம் புகார் பதிவு செய்ததையும், ஏழாவது மாதத்தில் பணம் வந்து சேர்ந்ததையும் சொல்லி முடித்தார். அவர் அழவில்லை. அரங்கில் பாதிப் பேர் கைப்பையில் பேனா தேடிக்கொண்டிருந்தார்கள்.

குறு, சிறு தொழில்களுக்கு மத்திய அரசு தரும் உத்யம் பதிவு என்னிடம் 2021 முதலே இருந்தது. வங்கியில் கடன் கேட்கும்போது காட்டுவதற்கான காகிதம் என்பதற்கு மேல் நான் அதைப் பற்றி நினைத்ததில்லை. எழுத்தில் ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்கு மேல் தவணை சொல்ல முடியாது, ஒப்பந்தமே இல்லையென்றால் 15 நாள்தான், தவறினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி வீதத்தைப் போல மூன்று மடங்கு வட்டியை மாதக் கூட்டு வட்டியாகக் கட்ட வேண்டும் என்பதையெல்லாம் அன்று சாப்பாட்டு வரிசையில் நின்றபடி அந்த அக்காவிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். "பதிவு பண்ணினதுக்கு அப்பறம் தைச்சுக் குடுத்த பில்லுதானுங்களே? அப்படின்னா பயப்படாம லெட்டர் போடுங்க" என்றார். எனக்கு 2,14,000 ரூபாய் பாக்கி வைத்து எட்டு மாதமாக அலைக்கழித்த நிறுவனத்துக்குச் சட்டப்பிரிவைக் குறிப்பிட்டு ஒரு பக்கக் கடிதம் அனுப்பினேன். ஐந்தாவது வாரத்தில் முழுத் தொகையும் வந்தது. மூன்று ஆண்டுச் சந்தாவையும் போக்குவரத்துச் செலவையும் அந்த ஒரு கடிதமே ஈடுகட்டிவிட்டது.

என் அம்மா காங்கேயத்தில் ஒரு சுயஉதவிக் குழுவில் பல ஆண்டுகள் இருந்தவர். தர்மபுரியில் 1989-இல் சர்வதேச வேளாண் மேம்பாட்டு நிதியத்தின் உதவியோடு தொடங்கிப் பின்னர் மகளிர் திட்டமாகத் தமிழகமெங்கும் விரிந்த அந்தக் குழு முறையிலும் பெண்கள் தம் கதையைத்தான் பேசினார்கள். பாயில் வட்டமாக உட்கார்ந்து, ஒருவர் தம் வீட்டுக்காரரின் நோயைச் சொல்லி முடிக்கும்போது, எவ்வளவு கடன் வேண்டும், எத்தனை மாதத்தில் திருப்புவார் என்று குழுவை நடத்தும் ஊக்குநர் தீர்மான நோட்டில் எழுதி முடித்திருப்பார். துயரமும் தொகையும் ஒரே பக்கத்தில் இருந்தன. சிறுமியாக அந்தப் பாயின் ஓரத்தில் உட்கார்ந்து கேட்ட பேச்சைத்தான் பொள்ளாச்சி அக்காவின் ஏழு நிமிடத்தில் நான் மறுபடியும் கேட்டேன்.

2024-இன் நடுவில் கேமரா வந்தது. மேடையின் இடப்பக்கம் வட்ட விளக்கு ஒன்றும் முக்காலியில் ஒரு கேமராவும் நிறுத்தப்பட்டன. கதைகளைச் சிறு வீடியோக்களாக வெளியிட்டால் உறுப்பினர்களின் தொழிலுக்கு விளம்பரம் கிடைக்கும் என்றார்கள் அமைப்பாளர்கள். நானும் அதை நல்ல யோசனை என்றே எண்ணினேன். மூன்று மாதத்திற்குள் கதைகளின் உள்ளடக்கமே மாறிப்போனது. பேசப்போகிறவர் முந்தைய வாரமே எழுதி அனுப்ப வேண்டும் என்றானது. என் முறை வந்தபோது, பாக்கி வசூலித்த விவரத்தை எழுதி அனுப்பினேன். "தொகையெல்லாம் வேண்டாம்மா, பாக்குறவங்களுக்குப் புரியாது, நீங்க எப்படி மீண்டு வந்தீங்கங்கறத மட்டும் சொல்லுங்க" என்று பதில் வந்தது. தொகையை எடுத்துவிட்டால் அந்தக் கதையில் அடுத்தவருக்குப் பயன்படும்படி என்ன மிஞ்சும்? நான் பேச மறுத்துவிட்டேன். அதன்பின் கேட்ட கதைகளில் எல்லோரும் கஷ்டப்பட்டார்கள், எல்லோரும் ஜெயித்தார்கள், எல்லோருடைய வீட்டாரும் துணை நின்றார்கள். எந்த வங்கிக் கிளை எந்தக் காகிதம் கேட்டுத் திருப்பியனுப்பியது, கூலியை எந்த மாதம் கொடுக்க முடியவில்லை என்பவை மேடையிலிருந்து மறைந்தே போயின. கேமரா பார்த்துக்கொண்டிருக்கும்போது, தமக்குப் பாக்கி வைத்திருப்பவரைப் பற்றியோ, வீட்டுக்குத் தெரியாமல் வைத்த அடகைப் பற்றியோ எந்தப் பெண்ணும் பேச மாட்டார் என்பதை அவர்கள் யோசித்திருக்க வேண்டும்.

அப்படியும் ஒரு பெண் பேசினார். வீட்டிலேயே கேக் செய்து விற்கும் இளம்பெண். மாமியாரின் வளையலை அவருக்குத் தெரியாமல் அடகு வைத்து, கேக் சுடும் ஓவன் வாங்கியதையும், பத்து மாதத்தில் மீட்டு அதே டப்பாவில் வைத்ததையும் நடுங்கும் குரலில் சொன்னார். பத்து நாளில் அந்தப் பகுதி மட்டும் நாற்பது நொடி வீடியோவாக, பின்னணி இசையோடு வெளிவந்தது. மீட்டு வைத்த செய்தி அதில் இல்லை. உறவினர் மூலம் அது வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தது. நான் கேட்டபோது, உறுப்பினர் படிவத்தில் ஒளிப்பதிவுக்குச் சம்மதம் தந்து கையெழுத்துப் போட்டிருக்கிறார் என்றார்கள். அந்தப் படிவம் என்னிடமும் இருக்கிறது. கேமரா இல்லாத காலத்தில், பொடி எழுத்தில் பதினோராவது வரியாக இருந்த சம்மதம் அது. வீடியோவை நீக்க மேலும் நான்கு நாள் ஆயிற்று. அந்தப் பெண் பிறகு வரவில்லை.

அமைப்பாளர்களின் உழைப்பைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். மூன்று ஆண்டில் ஒரு சந்திப்பும் தள்ளிப்போனதில்லை, பத்து மணி என்றால் பத்து மணிக்குத் தொடங்குவார்கள், கைக்குழந்தையோடு வருபவருக்குத் தனி அறை உண்டு, புதிதாக வந்தவரை ஓரமாக நிற்க விட்டதே இல்லை. எனக்கு நூல் கண்டு தரும் கடை, நம்பிக்கையான கணக்கர், பவர் டேபிள் தையல் இயந்திரம் பழுது பார்ப்பவர் என்று மூவரும் அந்த அறிமுகச் சுற்றில் கிடைத்தவர்களே. புதிதாகத் தொழில் தொடங்குகிற ஒருவருக்கு 7,500 ரூபாய் இதற்கே தகும் என்று தோழியிடம் சொன்னேன். சேர்ந்தால், படிவத்தில் ஒளிப்பதிவு வரியை அடித்துவிட்டுக் கையெழுத்துப் போடும்படியும் சொன்னேன்.

நான் இந்த ஜூன் மாதம் சந்தாவைப் புதுப்பிக்கவில்லை. இலவசமாகக் கொடுத்தாலும் அந்த வட்ட விளக்கின் எதிரே போய் உட்கார எனக்கு மனமில்லை. வீடியோவை நீக்கியதற்குப் பிறகும் அந்தக் கேக் செய்யும் பெண்ணிடம் யாரும் ஒரு வார்த்தை வருத்தம் தெரிவிக்கவில்லை என்பது இதை எழுதும்போதும் என் வயிற்றில் எரிகிறது. இப்போது என் யூனிட்டில் நான்கு இயந்திரங்கள் நார் மெத்தைக்கு உறை தைத்துக்கொண்டிருக்கின்றன. பொள்ளாச்சி அக்கா கொடுத்த ஆர்டர். 600 உறைகள், பணம் முப்பதாவது நாள் என்று அவரே பில்லில் எழுதிக் கொடுத்திருக்கிறார்.