'துபாய் இன்டர்வியூ பேக்கேஜ்' என்று யாராவது கூப்பிட்டால், ரசீதில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள்

விசிட் விசாவில் கூட்டிப்போய் துபாயில் நேரடியாக இன்டர்வியூ வைக்கிறோம், செலக்ட் ஆனால் அங்கேயே வேலை விசாவுக்கு மாற்றித் தருகிறோம் என்று உங்களிடம் யாராவது பேசிக்கொண்டிருந்தால், இதைப் படித்துவிட்டு அப்புறம் பணத்தைக் கட்டுங்கள். திரும்பி வந்தது போக எனக்குக் கையை விட்டுப் போனது ஏறக்குறைய ஒரு லட்சம். அதில் பாதிக்கு மேல் என் மனைவியின் சங்கிலியை அடகு வைத்த பணம், இன்னும் மீட்கவில்லை.

நான் டிப்ளமோ மெக்கானிக்கல், 2005ல் முடித்தவன். கோயம்புத்தூரில் சில்லர், ஏசி மெயின்டனன்ஸில் சூப்பர்வைசராக இருந்தேன், கம்பெனி அந்தப் பிரிவையே மூடிவிட்டது. முப்பத்தொன்பது வயதில் உள்ளூரில் புது வேலை தேடுவது எப்படி இருக்கும் என்று தேடியவர்களுக்குத் தெரியும். அந்த நேரம் பார்த்து வாட்ஸ்அப்பில் ஒரு விளம்பரம் வந்தது. எம்இபி (மெக்கானிக்கல், எலக்ட்ரிக்கல், பிளம்பிங்) சூப்பர்வைசர், 4,500 திர்ஹம், சாப்பாடு, தங்குமிடம், 'சர்வீஸ் சார்ஜ் இல்லை'.

பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே மாடியில் ஆபீஸ். நல்ல ஏசி, சுவரில் புர்ஜ் கலிஃபா படம், தண்ணீர் பாட்டில் எல்லாம் கொடுத்தார்கள். சர்வீஸ் சார்ஜ் இல்லை, ஆனால் பேக்கேஜ் 85,000 ரூபாய்: போக வர டிக்கெட், 60 நாள் விசா, பதினைந்து நாள் ஹோட்டல், இன்டர்வியூ. "நாங்க வேலைக்குக் காசு வாங்கறதே இல்ல சார், இது டிராவல் செலவு மட்டும்தான்" என்றார் அந்த ஆள். நேர்மையானவர் போலிருக்கிறதே என்று நினைத்தேன். ரசீதைப் பார்த்தேன், 'டூர் பேக்கேஜ்' என்று இருந்தது. பார்த்துவிட்டு மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன்.

இங்கேதான் விஷயமே இருக்கிறது. வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுக்கிற ஏஜென்ட், 1983ஆம் ஆண்டு குடிபெயர்வுச் சட்டப்படி மத்திய அரசிடம் உரிமம் வாங்கியிருக்க வேண்டும். நம்மிடம் அவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் அதிகபட்சம் 30,000 ரூபாய், அதன்மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி, அவ்வளவுதான். உரிமம் உள்ளவர்களின் பட்டியல் மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் இருக்கிறது, பெயரைப் போட்டுத் தேட இரண்டு நிமிடம் ஆகாது. நான் தேடியது ஊர் திரும்பிய பிறகு. அந்த ஆபீஸின் பெயர் அதில் இல்லை. இருக்கவும் தேவையில்லை, ஏனென்றால் ரசீதுப்படி அவர்கள் எனக்கு வேலை வாங்கித் தருவதாகச் சொல்லவே இல்லை, ஊர் சுற்றிக் காட்டக் கூட்டிப்போனார்கள்.

கிளம்புவதற்கு முந்தின நாள் வந்த விசாவில் 60 நாள் இல்லை, 30 நாள்தான். கேட்டதற்கு, "அங்க போய் எக்ஸ்டெண்ட் பண்ணிக்கலாம் சார்." திருச்சி ஏர்போர்ட்டில் குடிவரவு அதிகாரி கேட்டால் இன்டர்வியூ என்ற வார்த்தையே வாயில் வரக்கூடாது, 'ஃப்ரெண்ட்ஸைப் பார்க்கப் போகிறேன்' என்று சொல்லுங்கள் என்றும் பாடம் நடத்தினார்கள். சொன்னேன். அந்தப் பயணத்தில் கடைசியில் உண்மையானது அந்தப் பொய் ஒன்றுதான்.

எனக்கு அங்கே நண்பர்கள் இல்லாமல் இல்லை. பாலிடெக்னிக் ஹாஸ்டலில் ஒரே அறையில் இருந்த இரண்டு பேர் பதினைந்து வருடமாக அங்கேதான். ஒருத்தனுக்குப் பதினேழு வயதிலேயே தலை நரைத்துவிட்டதால் 'பெருசு'. இன்னொருத்தன் மூன்று வருடமும் டிராயிங் போடுகிற கருவியான டிராஃப்டரைச் சொந்தமாக வாங்காமல் எல்லாருடையதையும் இரவல் வாங்கியே டிராயிங் பேப்பரை முடித்தவன், அதனால் அவன் பெயரே 'டிராஃப்டர்'. ஆனால் அவர்களிடம் நான் மூச்சு விடவில்லை. 2010ல் பெருசு ஒரு விசா எடுத்துத் தருகிறேன் என்று கூப்பிட்டபோது, "ஊரை விட்டுட்டு வந்து ஒட்டகம் மேய்க்கச் சொல்றியா" என்று கிண்டல் அடித்தவன் நான். இப்போது எந்த முகத்தோடு கேட்பது? வேலை கிடைத்து முதல் சம்பளம் வாங்கிய பிறகு ஒரு பிரியாணி வாங்கிக்கொண்டு போய் நிற்கலாம் என்று கணக்குப் போட்டிருந்தேன்.

'ஹோட்டல்' என்பது தேரா பக்கம் ஒரு பழைய கட்டடத்தில் பெட் ஸ்பேஸ். ஓர் அறையில் இரண்டடுக்குக் கட்டில்கள், எட்டுப் பேர், ஒரு பாத்ரூம். மூட்டைப்பூச்சி முதல் ராத்திரியே முதுகு முழுக்கத் தடித்துப்போகும்படி கடித்தது. எட்டில் ஐந்து பேர் அதே ஏஜென்ட் அனுப்பிய நம் ஊர்க்காரர்கள்; இரண்டு பேர் தஞ்சாவூர்ப் பக்கத்துப் பையன்கள், இருபத்து மூன்று வயதுகூட இருக்காது.

செவ்வாய்க்கிழமை போனேன், வியாழக்கிழமை இன்டர்வியூ. அல் ரிக்காவில் ஒரு சின்ன ஆபீஸ். கோட் போட்ட ஒருவர், லேப்டாப்போடு ஒரு பெண். சில்லர் எத்தனை டன் பார்த்திருக்கிறீர்கள் என்று ஒரே ஒரு கேள்வி. பதினெட்டு வருடம் இந்த வேலை பார்த்தவனுக்கு அதற்குமேல் ஒரு கேள்விகூட வரவில்லையே என்று உள்ளுக்குள் உறுத்தியது, ஆனால் "கங்கிராட்ஸ்" என்று கை கொடுத்ததும் அந்த உறுத்தல் எங்கே போனதென்று தெரியவில்லை. ஆஃபர் லெட்டர் கையில் வந்தது. மெடிக்கல், எமிரேட்ஸ் ஐடி, லேபர் கார்டு என்று மொத்தம் 1,850 திர்ஹம், இன்று 1,000 கட்டினால் போதும், மீதி சம்பளத்தில் பிடித்துக்கொள்வோம், திங்கட்கிழமை அஜ்மான் சைட்டில் சேர்ந்துவிடுங்கள், விசா பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும். கட்டினேன். நம் கணக்கில் 23,000 ரூபாய் வரும்.

வெள்ளிக்கிழமை எங்கள் செட் வாட்ஸ்அப் குழுவில் ஒருத்தனுக்குப் பிறந்தநாள். மெட்ரோவில் போய்க்கொண்டே ஒரு வாய்ஸ் மெசேஜ் போட்டேன். அஞ்சு நிமிடத்தில் பெருசு தனியாக அனுப்பினான்: "டேய், பின்னாடி மெட்ரோ அனவுன்ஸ்மென்ட் கேக்குது. யூனியன் ஸ்டேஷன்னு சொல்றான். நீ எங்கடா இருக்க?" அங்கே வாட்ஸ்அப்பில் மெசேஜ் போகும், கால் போகாது என்பதால் நம்பரை வாங்கி நேராகப் போன் அடித்தான். முதல் இரண்டு நிமிடம் வெறும் திட்டுதான். எழுத முடியாது.

ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் வந்தார்கள். பெருசுக்கு இப்போது முடியே இல்லை, அதனால் நரை ஒரு பிரச்சனை இல்லை. டிராஃப்டர் ஒரு கம்பெனியில் டாக்குமெண்ட் கன்ட்ரோலர், சொந்தமாக இரண்டு பேனாவெல்லாம் பாக்கெட்டில் வைத்திருந்தான். ஒரு திர்ஹம் கொடுத்து அப்ரா என்கிற படகில் ஏறி க்ரீக்கைத் தாண்டி பர் துபாய்க்குப் போய், ஒரு கடையில் பரோட்டா சாப்பிட்டோம். வார்டனிடம் மாட்டியது, யார் யாருக்குக் கல்யாணம் ஆகவில்லை என்று ஒன்றரை மணி நேரம் போனதே தெரியவில்லை. அப்புறம் டீ வந்தபோது நான்தான் பெருமையாக ஆஃபர் லெட்டரை எடுத்து நீட்டினேன்.

பெருசு ஒரு கன்ட்ராக்டிங் கம்பெனியில் பிஆர்ஓ, ஆட்களின் விசா, லேபர் பேப்பரோடுதான் அவனுக்குப் பொழுது விடிகிறது. பேப்பரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "எவ்ளோ குடுத்த?" என்றான். சொன்னேன். "காசு குடுத்தியா" என்று கேட்கவே இல்லை, எவ்வளவு என்றுதான் கேட்டான் என்பது எனக்கு அப்புறம்தான் உறைத்தது.

அவன் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், யாருக்காவது உதவும். ஃப்ரீ ஸோன் என்கிற தனி வணிக மண்டலங்களில் இருக்கும் கம்பெனிகள் வேறு வழி. மற்ற தனியார் கம்பெனிகளின் ஆஃபர் லெட்டர் அங்குள்ள மனிதவள அமைச்சகத்தின் கம்ப்யூட்டரிலிருந்து வரும். அதில் பரிவர்த்தனை எண் இருக்கும், அமைச்சகத்தின் தளத்திலேயே அந்த எண்ணைப் போட்டு உண்மையா என்று பார்க்கலாம். அரபி, ஆங்கிலத்தோடு நமக்குப் புரிகிற மொழியிலும் கேட்டு வாங்கலாம், அந்தப் பட்டியலில் தமிழும் இருக்கிறது. என்னிடம் இருந்தது வெறும் லெட்டர்ஹெட், அடிப்படைச் சம்பளம் எவ்வளவு, அலவன்ஸ் எவ்வளவு என்றுகூடப் பிரிக்காத ஒரு பக்கம். மெடிக்கலும் எமிரேட்ஸ் ஐடியும் வேலைக்கான என்ட்ரி பெர்மிட் வந்த பிறகு நடப்பவை. "பெர்மிட்டே இல்லாம எவன்டா உனக்கு ரத்தம் எடுப்பான்?" அந்தச் செலவு முழுக்க முதலாளியுடையது, வேலைக்கு எடுப்பதற்கான காசை ஆளிடம் வாங்கக்கூடாது என்று சட்டமே இருக்கிறது. எல்லாவற்றுக்கும் மேலாக அந்த அஜ்மான் விஷயம். பெர்மிட் இல்லாத ஆளை வேலை வாங்கினால் கம்பெனிக்கு 1 லட்சம் திர்ஹத்திலிருந்து 10 லட்சம் திர்ஹம் வரை அபராதம் என்று 2024ல் ஏற்றியிருக்கிறார்கள். அப்படியும் வைக்கிறான் என்றால், ஒரு மாதம் வேலை வாங்கிவிட்டு 'பெர்ஃபார்மன்ஸ் சரியில்லை' என்று அனுப்பிவிட்டு அடுத்த பேட்ச்சை இறக்கத்தான். விசிட்டில் வேலை செய்து மாட்டினால் நமக்கும் சிக்கல்தான், சம்பளம் கேட்கப் போய் நிற்பதற்கும் கையில் ஒரு காகிதம் இருக்காது.

திங்கட்கிழமை பெருசு அரை நாள் லீவு போட்டுவிட்டு என்னோடு வந்தான். கோட் போட்டவர் இல்லை. பெண் மட்டும் இருந்தாள். நான் பணம் கட்டிய ரசீதை எடுக்கச் சொன்னான் பெருசு. அப்போதுதான் முழுதாகப் படித்தேன்: 'சிவி தயாரிப்பு மற்றும் ஆலோசனைக் கட்டணம், திருப்பித் தரப்படாது.' ஊரில் டூர், இங்கே சிவி. இரண்டு ரசீதிலும் வேலை என்ற சொல்லே கிடையாது. பெருசு இந்தியில் ஒரு முக்கால் மணி நேரம், நடுவில் யாருக்கோ போன் போட்டு அரபியில் கொஞ்சம் பேசினான். கடைசியில் 400 திர்ஹம் வந்தது. புகார் கொடுத்துவிடலாம் என்றுதான் அவன் சொன்னான், எனக்குத்தான் அலைய உடம்பிலும் மனதிலும் தெம்பில்லை. கொடுத்திருக்க வேண்டும்.

மீதி நாட்கள் ஷார்ஜாவில் ரோலா பக்கம் பெருசு வீட்டு ஹாலில் படுத்திருந்தேன். அவன் மனைவி ஒரு வார்த்தை கேட்கவில்லை, தினமும் காலையில் எனக்கும் சேர்த்து இட்லி ஊற்றியது அந்தப் பெண். டிராஃப்டர் என் சிவியை ஒழுங்காக அடித்துக் கொடுத்தான், காசு வாங்காமல்.

ஊர் வந்து மாடி ஆபீஸுக்குப் போனேன். அந்த ஆள் பதறவே இல்லை. "டிக்கெட் குடுத்தோம், விசா குடுத்தோம், தங்க வச்சோம், இன்டர்வியூவும் நடந்துச்சு. இதுல எதுண்ணே நடக்கல?" வேலைக்காகத்தான் பணம் வாங்கினார்கள் என்பதற்கு என்னிடம் இருப்பது வாட்ஸ்அப் விளம்பரமும் இரண்டு வாய்ஸ் மெசேஜும்தான், நல்லவேளை அழிக்கவில்லை. அதை வைத்து எஸ்பி ஆபீஸில் மனு கொடுத்து, அது ஸ்டேஷனுக்கு வந்து, புகார் வந்ததற்கு அத்தாட்சியாக சிஎஸ்ஆர் ரசீது போட்டிருக்கிறார்கள். உங்களிடமும் இந்த மாதிரி மெசேஜ் இருந்தால் அழித்துவிடாதீர்கள்.

அந்தத் தஞ்சாவூர்ப் பையன்களிடம் ஞாயிற்றுக்கிழமை ராத்திரியே எல்லாவற்றையும் சொன்னேன். தலையாட்டிக் கேட்டுக்கொண்டார்கள். மறுநாள் விடிகாலை அஞ்சரைக்கு வேன் வந்தபோது இரண்டு பேரும் ஏறிப் போய்விட்டார்கள், ஊரில் வட்டிக்கு வாங்கிய கடன் அப்படி. அதில் ஒருவன் இன்னும் என் மெசேஜுக்குப் பதில் போடுகிறான். 'விசா அடுத்த வாரம் வந்துரும்ணா' என்று நாலாவது முறையாகச் சொல்லியிருக்கிறான். அவனுடைய 30 நாள் முடிந்து பன்னிரண்டு நாள் ஆகிறது, நாளுக்கு 50 திர்ஹம் வீதம் அபராதம் ஏறிக்கொண்டிருக்கிறது. பெருசின் நம்பரைக் கொடுத்திருக்கிறேன், இன்னும் கூப்பிடவில்லையாம்.