பிடரியா, வாலா, காலா: குதிரையின் அரிப்பைப் பிரித்தறிதலும் மருந்துத் தேர்வும்

பொள்ளாச்சி, ஆனைமலை தொடங்கிக் கோபாலபுரம், கொழிஞ்சாம்பாறை, சித்தூர் வரை, பாலக்காட்டுக் கணவாயின் இருபுறத் தோப்புகளிலும் குதிரை வளர்ப்போர், அரிப்பு என்றதும் பெரும்பாலும் இரண்டு விளக்கங்களையே சொல்கின்றனர். கொள்ளு மிகுந்து உடம்பில் சூடு ஏறிவிட்டது என்பது ஒன்று. சொறி பிடித்துவிட்டது என்பது மற்றொன்று. முதலாவதை நம்புவோர் தீனியைக் குறைக்கின்றனர், இரண்டாவதை நம்புவோர் மருந்துக்கடையில் ஐவர்மெக்டின் என்னும் ஒட்டுண்ணிக்கொல்லி மருந்தை வாங்குகின்றனர். இவ்விரு விளக்கங்களுக்கும் வெளியே நிற்கும் மூன்றாவது காரணமே இவ்வட்டாரத்தில் முதலில் ஐயப்பட வேண்டியது என்பது என் கணிப்பு. கியூலிகாய்டஸ் என்னும் மிகச் சிறிய கடிபூச்சியின் எச்சிலுக்கு உடல் காட்டும் ஒவ்வாமையே அது.

ஆடு வளர்ப்போருக்கு இப்பூச்சி புதிதன்று. வடகிழக்குப் பருவமழையை ஒட்டிச் செம்மறியாடுகளுக்கு வரும் நீலநாக்கு நோயைப் பரப்புவதும் இதே இனம்தான். ஒன்று முதல் மூன்று மில்லிமீட்டர் அளவே உள்ள இது, சாணம் கலந்த ஈரச் சேற்றிலும் தொழுவத்து வடிகால் ஓரத்திலும் பெருகுகிறது. அந்திக் கருக்கலிலும் விடியலிலும் மிகுதியாகக் கடிக்கிறது. பறக்கும் வலிமை இதற்கு மிகக் குறைவு. மணிக்கு எட்டு, பத்து கிலோமீட்டர் வேகக் காற்றே இதை நிறுத்தப் போதும். அம்மியையும் பறக்கவைக்கும் என்று சொல்லப்படும் ஆடிக்காற்று கணவாயின் வழியே வீசும் மாதங்களில் ஓரளவு அடங்கியிருந்த குதிரை, காற்று ஓய்ந்து மண் ஈரமாக இருக்கும் புரட்டாசி, ஐப்பசியில் பிடரியைத் தென்னை மரத்தில் தேய்க்கத் தொடங்குமானால், தீனியைப் பார்ப்பதற்கு முன் நாட்காட்டியைப் பார்ப்பது நல்லது.

ஒவ்வாமையும் சொறியும்

இவ்விரண்டையும் பிரித்தறிவதில்தான் பெரும்பாலான தவறுகள் நேர்கின்றன. ஆகவே இவற்றைச் சற்று விரிவாகப் பார்க்கலாம்.

பூச்சிக்கடி ஒவ்வாமையில் பிடரி, வால் அடி, முதுகின் மேல்கோடு, வயிற்றின் நடுக்கோடு ஆகியவையே முதலில் பாதிக்கப்படுகின்றன. மயிர் முறிந்து, வால் அடியில் குச்சம் போல் நிற்கும். நாளடைவில் தோல் தடித்துப் பிடரியில் மடிப்பு மடிப்பாகிவிடும். ஒரே லாயத்தில் மூன்று குதிரைகள் நின்றாலும் ஒன்றுக்கு மட்டுமே அரிப்பு இருக்கலாம், ஏனெனில் இது தொற்றுவதில்லை. ஆனால் இதற்கான நாட்டம் பரம்பரையாக வரக்கூடும். வழக்கமாக இளம் வயதில் தொடங்கி, ஒவ்வோர் ஆண்டும் அதே பருவத்தில் திரும்பி வந்து, ஆண்டுக்கு ஆண்டு கடுமையாகிறது. இப்பூச்சி அண்மைக்காலம் வரை இல்லாதிருந்த ஐஸ்லாந்தில் பிறந்து வளர்ந்து, பின்னர் ஐரோப்பாவுக்குக் கொண்டுசெல்லப்பட்ட குதிரைகளிடையே இந்த ஒவ்வாமை மிக அதிகமாகக் காணப்படுவது நன்கு அறியப்பட்ட செய்தி. ராஜஸ்தான், குஜராத்தின் வறண்ட நிலங்களில் வளர்ந்து, அந்தியூர் ஆடிச் சந்தை வழியாக இங்குள்ள ஈரத் தோப்புகளுக்கு வரும் மார்வாரி, கத்தியவாரிக் குதிரைகளுக்கும் ஓரளவு அதே நிலை ஏற்படக்கூடும் என்று நினைக்கிறேன். வாங்கிய இரண்டாம், மூன்றாம் ஆண்டில் அரிப்புத் தொடங்கினால் இதை நினைவில் கொள்ளலாம்.

சொறி அப்படிப்பட்டதன்று. அது கண்ணுக்குத் தெரியாத சிற்றுண்ணியால் வருவது. உண்ணியின் வகைக்கு ஏற்ப இடமும் மாறும். சார்காப்டிஸ் வகை தலை, கழுத்து, தோள்பட்டையில் தொடங்கி உடல் முழுதும் பரவுகிறது. அரிப்பு தாங்க முடியாத அளவுக்கு இருக்கும், குதிரை மெலியும், பராமரிப்பவரின் முன்கையிலும் வயிற்றிலும் கொப்புளங்கள் தோன்றலாம். குதிரைக்காரருக்கும் அரிக்கிறதா என்று கேட்பது, எந்த ஆய்வகச் சோதனைக்கும் முன்னர்ச் செலவின்றிச் செய்யக்கூடிய சோதனை. கோரியாப்டிஸ் வகை கால்களின் கீழ்ப்பகுதியில் தங்குவதால், குதிரை இரவில் காலைத் தரையில் ஓயாமல் உதைத்துக்கொண்டே இருக்கும். காலில் அடர்ந்த மயிர் உள்ள வெளிநாட்டு இனங்களிலேயே இது மிகுதி. நம் நாட்டினங்களில் காரணமாக இருக்கும் வாய்ப்பு குறைவு. தோலைச் சுரண்டி நுண்ணோக்கியில் பார்த்தால் உண்ணி தெரியும். ஆயினும் சார்காப்டிஸ் தோலுக்குள் துளைத்து வாழ்வதால் ஒருமுறை தெரியாமல் போனதைக் கொண்டு சொறி இல்லை என்று முடிவு கட்டக் கூடாது. உடுமலைப்பேட்டையிலும் திருச்சூர் அருகே மண்ணுத்தியிலும் கால்நடை மருத்துவக் கல்லூரிகள் இருப்பதால், எல்லையின் எப்பக்கத்தில் இருப்பவருக்கும் இச்சோதனை எட்டாத ஒன்றன்று.

மற்ற போட்டியாளர்கள்

பேனைக் கண்டுபிடிப்பது எளிது: பிடரி மயிரைப் பிரித்து வெயிலில் பார்த்தால் பேனும் ஈரும் தெரியும். மெலிந்த, முதிய, மயிர் அடர்ந்த குதிரைகளில் மிகுதி. சேணத்துணி, தூரிகை வழியே பரவும். பேனா, ஒவ்வாமையா என்று வாதிடுவதைவிட ஐந்து நிமிடம் பார்த்துவிடுவது மேல்.

பிடரி கொஞ்சமும் கெடாமல் வால் அடி மட்டும் தேய்ந்திருந்தால், குடலில் வாழும் ஆக்சியூரிஸ் என்ற கீரிப்பூச்சி வகையை ஐயப்பட வேண்டும். பெண் புழு ஆசனவாயைச் சுற்றி முட்டையிடுகிறது; அங்கே சாம்பல் மஞ்சள் நிறப் பசை படிந்திருக்கும். ஒளிபுகும் ஒட்டுநாடாவை அவ்விடத்தில் அழுத்தி எடுத்து நுண்ணோக்கியில் பார்த்தால் முட்டை தெரியும். சாணச் சோதனையில் பெரும்பாலும் தெரியாது. இப்புழுவுக்கு ஐவர்மெக்டின் பலன் தராமல் போவது பல நாடுகளில் பதிவாகியுள்ளது. அந்நிலையில் மருத்துவர் பைரான்டெல் என்ற வேறொரு குடற்புழு மருந்தைப் பரிந்துரைக்கக்கூடும். ஆசனவாய்ப் பகுதியை நாள்தோறும் துடைத்துக் கழுவுவதும் மருந்துக்கு இணையாக முக்கியம்.

படர்தாமரையும் மழைச் சொறியும் அரிப்பு நோய்கள் என்றே பேசப்படுகின்றன, ஆனால் இரண்டிலும் அரிப்பு குறைவு. படர்தாமரை வட்ட வட்டமாக மயிரை உதிர்க்கும் பூஞ்சை. மனிதருக்கும் ஒட்டும், பெரும்பாலும் சில மாதங்களில் தானே ஆறும். ஆயினும் அதற்குள் லாயம் முழுவதும் பரவிவிடும் என்பதால் மைக்கனசோல், குளோர்ஹெக்சிடின் கலந்த ஷாம்பு தேவைப்படுகிறது. மழைச் சொறி, நனைந்த முதுகில் வரும் பாக்டீரியாத் தொற்று. மயிர்க் கற்றை அடியில் பொருக்குடன் தூரிகை நுனி போல் பிடுங்கி வரும், தொட்டால் குதிரை வலியால் விலகும். முதுகை உலர வைப்பதே அதற்கு முதல் மருந்து.

கோடையில் கண்ணோரத்திலோ உதட்டிலோ காலிலோ ஆறாத புண் தோன்றி, அதில் மஞ்சள் நிற மணிகள் தென்பட்டால், ஈ கொண்டுவந்து விட்ட ஹாப்ரோனீமா புழுவின் இளவுயிரிகளை நினைக்க வேண்டும்.

ஐவர்மெக்டினா, தடுப்பா, ஸ்டீராய்டா

ஐவர்மெக்டினுக்கு இங்குள்ள செல்வாக்கு முற்றிலும் தகுதியற்றதன்று. உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 200 மைக்ரோகிராம் என்ற அளவில், அதாவது 300 கிலோ குதிரைக்கு 60 மில்லிகிராம், வாய்வழியே கொடுத்து 14 நாள் கழித்து மீண்டும் கொடுத்தால் சார்காப்டிஸ் சொறியும் இரத்தம் உறிஞ்சும் பேனும் அடங்கும். தோலின் மேற்பரப்பில் மட்டும் மேயும் கோரியாப்டிஸுக்கும் கடிக்கும் வகைப் பேனுக்கும் அதே மருந்து அரைகுறைப் பலனே தரும். அவற்றுக்கு மேற்பூச்சு வேண்டும். பூச்சிக்கடி ஒவ்வாமைக்கோ அதனால் நேரடிப் பயன் ஏதுமில்லை. ஆயினும் சிலர் பயன் கண்டதாக உறுதியாகச் சொல்வதற்கு ஒரு காரணம் உண்டு. கழுத்து நாணில் வாழும் ஆன்கோசெர்கா என்ற புழுவின் இளவுயிரிகள் வயிற்று நடுக்கோட்டிலும் முகத்திலும் அரிப்பைத் தருகின்றன. அப்புழுவைப் பரப்புவதும் கியூலிகாய்டஸ்தான். ஐவர்மெக்டின் இளவுயிரிகளைக் கொல்வதால் அரிப்பு நின்றுபோகும், முதிர்ந்த புழு சாகாததால் சில மாதங்களில் மீண்டும் தலைகாட்டலாம். எனவே ஒரு முறை கொடுத்துப் பார்ப்பதில் எனக்கு மறுப்பில்லை. இரண்டு முறைக்குப் பின்னும் பிடரி ஆறவில்லையெனில் மூன்றாவது முறை கொடுப்பதில்தான் மறுப்பு.

மாட்டுக்கான ஐவர்மெக்டின் ஊசியைக் குதிரையின் தசையில் போடும் வழக்கம் கைவிடத்தக்கது. ஊசி இட்ட இடத்தில் கடும் வீக்கமும், அரிதாக உயிருக்கு ஆபத்தான கிளாஸ்ட்ரிடியம் என்னும் பாக்டீரியாத் தொற்றும் நேர்கின்றன. வாய்வழிப் பசை இருக்கும்போது அந்த ஆபத்தை ஏற்க வேண்டியதில்லை. இதனினும் முக்கியமானது அமிட்ராஸ். மாட்டு உண்ணிக்குத் தாராளமாக விற்கப்படும் இக்கரைசலைக் குதிரைக்கு ஒருபோதும் பூசவோ தெளிக்கவோ கூடாது. குதிரையின் குடல் இயக்கத்தை இது மந்தமாக்கி, மலம் இறுகி அடைக்கும் வயிற்றுவலியை உண்டாக்குகிறது. குதிரை இறந்துபோகவும் கூடும். மாடும் குதிரையும் ஒரே தோப்பில் நிற்கும் நம் பண்ணைகளில் மருந்துத் தெளிப்பானையும் தனித்தனியே வைப்பது பொருந்தும்.

ஒவ்வாமை என்று உறுதியானால், கடியைத் தடுப்பதே என் முதல் தேர்வு. மாலை நான்கு, ஐந்து மணிக்குள் குதிரையை லாயத்தில் கட்டி, அதன்மேல் படும்படி மின்விசிறியை ஓடவிட்டு, விடிந்து வெயில் ஏறிய பின்னரே வெளியே விட வேண்டும். சன்னலுக்குச் சாதாரணக் கொசுவலை போதாது. அதன் கண்ணுக்குள் இப்பூச்சி புகுந்துவிடும், எனவே மிக நெருக்கமான வலை தேவை. கழுத்தையும் வயிற்றடியையும் மூடும் மெல்லிய பருத்திப் போர்வையை உள்ளூர்த் தையற்காரரிடமே தைத்துக்கொள்ளலாம். நம் வெயிலில் அதைப் பகல் முழுதும் போட்டுவைப்பது வதை, மாலையில் போட்டுக் காலையில் எடுத்துவிடலாம். பெர்மெத்ரின் என்னும் பூச்சிக்கொல்லித் தெளிப்பு நன்றாகத் துணைசெய்யும், ஆனால் லாயத்துப் பூனைக்கு அது நஞ்சு. மனிதச் சொறிக்கு மருந்துக்கடையில் கிடைக்கும் 25 சதவீத பென்சைல் பென்சோயேட்டைப் பிடரி வேரில் தேய்ப்பது பிரிட்டனில் நெடுங்காலமாக உள்ள முறை. பருவம் தொடங்குமுன்னரே ஆரம்பித்தால்தான் அது பயன்படும், புண்ணான தோலில் பூசினால் எரியும். வேப்பெண்ணெயைத் தேங்காயெண்ணெயுடன் கலந்து பூசுவதில் தவறில்லை. சில மணி நேரமே காக்கும், சில குதிரைகளுக்கு அதுவே எரிச்சலூட்டும் என்பதால் சிறு இடத்தில் பூசிப் பார்த்த பின் பயன்படுத்தலாம். கழிவு எஞ்சின் எண்ணெய் பூசும் பழக்கத்துக்கு ஆதரவாகச் சொல்ல ஒன்றுமில்லை.

டெக்சாமெத்தசோன், பிரெட்னிசலோன் ஆகிய ஸ்டீராய்டுகள் ஓரிரு நாளிலேயே அரிப்பை அடக்குகின்றன. குதிரை தன்னைத்தானே கிழித்துக்கொள்ளும் நிலையில் அவற்றைத் தவிர்ப்பது இரக்கமன்று. ஆனால் நீண்ட நாள் கொடுத்தால் நோயெதிர்ப்பு குன்றிப் படர்தாமரை பரவுகிறது, கொழுத்த மட்டக்குதிரைகளில் குளம்பு அழற்சி வரும் அபாயமும் உண்டு. எனவே அது மருத்துவர் கையில், குறுகிய காலத்துக்கு மட்டும் இருக்க வேண்டியது. செட்டிரிசின் முதலிய ஒவ்வாமை மாத்திரைகள் பாதுகாப்பானவை, ஆனால் குதிரையில் அவற்றின் பலன் ஏமாற்றமளிக்கும் அளவுக்கே உள்ளது.

கொள்ளைப் பற்றி ஒரு சொல். தீனி ஒவ்வாமை குதிரைகளில் இல்லாததன்று. ஆனால் அது பெரும்பாலும் உடல் முழுதும் தடிப்புகளாக வரும், அந்தி நேரம் பார்த்து வராது. பிடரியும் வாலும் மட்டும் தேயும் குதிரைக்குக் கொள்ளை நிறுத்தினால் அது மெலியும், அரிப்பு அப்படியே இருக்கும்.

அரிப்பே இல்லாமல், கால் உட்புறத்திலோ கழுத்திலோ நிணநீர் நாளத்தின் வழியே வரிசையாகக் கட்டிகள் எழுந்து உடைந்து, தேன் நிறச் சீழ் வடிந்தால் மேற்கூறிய எந்த மருந்தையும் தொடக் கூடாது. அது மனிதருக்கும் பரவி உயிரைப் பறிக்கக்கூடிய கிளாண்டர்ஸாக இருக்கலாம். 2009ஆம் ஆண்டின் விலங்குகள் தொற்றுநோய்த் தடுப்புச் சட்டப்படி அறிவிக்கப்பட வேண்டிய நோய் இது என்பதால், குதிரையைத் தனியே கட்டி, சந்தைக்கோ எல்லைக்கு அப்பாலோ நகர்த்தாமல், அரசு கால்நடை மருத்துவருக்கு உடனே தெரிவிக்க வேண்டும். ஹிசாரில் உள்ள தேசியக் குதிரை ஆராய்ச்சி மையத்தில் இரத்த மாதிரியைச் சோதித்து நோயை உறுதிசெய்வார்கள்.